ஜொகூரில் இப்போது மணி என்ன?

இங்கே இரவு ஒன்பதரை. சீரியல் முடிந்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அம்மா மகனை வீடியோவில் அழைக்கிறார். கல்லூரியிலிருந்து இன்டெர்ன்ஷிப்புக்காக மலேசியாவின் ஜொகூர் பாரு போயிருக்கும் மகன் ஒரு கடை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். பின்னால் பெரிய திரையில் கால்பந்து, மேசையில் பாதி குடித்த டீ. “அங்க மணி என்னடா?” “பன்னெண்டும்மா.” அவ்வளவுதான். நடுராத்திரியில் தெருவில் என்ன வேலை, கூட இருப்பது யார், இதற்குத்தானா கடன் வாங்கி அனுப்பினோம் என்று அர்ச்சனை தொடங்கிவிடுகிறது.

மலேசியக் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. அம்மாவுக்கு ஓய்வு கிடைக்கும் நேரம் அவனுக்கு நள்ளிரவு. அவன் விழித்திருப்பதே பாதி நாள் இந்த அழைப்புக்காகத்தான் என்பதை எந்த மகனும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

வெளிநாட்டுப் பயிற்சி மாணவனின் நாளை நாம் அவன் போடும் படங்களிலிருந்துதான் அறிகிறோம். படம் எடுக்கத் தோன்றுவதோ சாப்பாட்டையும் இரவு விளக்குகளையும்தான். காலை எட்டு மணிக்குப் பாசிர் கூடாங் தொழிற்பேட்டையில் தலைக்கவசமும் கனத்த காலணியுமாக நின்று, அன்றைய வேலையில் எங்கெங்கே ஆபத்து என்று மேற்பார்வையாளர் சொல்வதைக் கேட்டுக்கொள்வதை யாரும் ஸ்டேட்டஸில் வைப்பதில்லை.

ஜொகூரில் வேலைக்குப் பஞ்சமில்லை. தஞ்சோங் பெலப்பாஸில் கப்பல் துறைமுகம், பாசிர் கூடாங்கில் ரசாயன ஆலைகள், கூலாய் பக்கம் வரிசையாக எழும் டேட்டா சென்டர்கள். 2025 ஜனவரியில் ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கு இரு நாடுகளும் கையெழுத்திட்ட பிறகு வேகம் இன்னும் கூடியிருக்கிறது. கூலாய் வட்டாரத்துக்கும் தமிழருக்கும் பழைய கணக்கு உண்டு. கங்காணி கூட்டி வந்த நம் ஆட்கள் அங்கே ரப்பர் மரம் சீவினார்கள். அந்த வட்டாரத்தின் செடெனாக்கில் எண்ணெய்ப் பனை நின்ற தோட்ட நிலத்தில்தான் இன்று சர்வர்கள் இரைகின்றன. கங்காணி காலத்தில் தோட்டத்துக்குப் போனவர்களுக்குத் திரும்பி வரும் தேதி தெரியாது. இன்று போகும் பையனுக்கு அது டிக்கெட்டிலேயே இருக்கிறது. முன்னேற்றம்தான்.

மதியச் சாப்பாட்டைச் சொல்லாமல் ஜொகூரைப் பற்றி எழுதக் கூடாது. கலப்புச் சோற்றுக் கடையில் தட்டை நாமே எடுத்து, இருபது முப்பது தட்டங்களில் இருப்பதில் வேண்டியதைப் போட்டுக்கொள்ள வேண்டும். கல்லாவில் நிற்கும் அம்மாள் தட்டை ஒரு பார்வை பார்த்து விலை சொல்வார். தராசு கிடையாது. மீன் துண்டைச் சோற்றுக்குள் புதைத்து எடுத்துப் போகலாம் என்று நினைக்கும் புதுப் பையன்களை அவருக்கு நன்றாகத் தெரியும்.

இரவுக்கு மாமாக் கடை. தமிழ் முஸ்லிம்கள் கட்டி வளர்த்த, பல இடங்களில் விடிய விடியத் திறந்திருக்கும் கடைகள். மாஸ்டர் எண்ணெய் தடவிய மாவுருண்டையைத் தட்டி, வீசி, கைக்குட்டை மாதிரி மெல்லிசாக்கி, மடித்துக் கல்லில் போடுகிறார். வெந்ததும் இரண்டு கையாலும் பக்கவாட்டில் அடித்து அடுக்கைக் கலைத்துப் பருப்புக் குழம்போடு தருகிறார். ரொட்டி சானாய் என்று பெயர். விலை ஒன்றரை, இரண்டு ரிங்கிட். சீனப் பெண்ணும் மலாய் இளைஞனும் பரிமாறுகிறவரை “அண்ணே” என்றுதான் கூப்பிடுகிறார்கள். வீட்டை நினைத்து ஏங்கும் நம் பையன் அந்த நாற்காலியை விட்டு எழ மறுப்பதில் வியப்பென்ன?

இரவு வாழ்க்கை என்றதும் நமக்கு வரும் கற்பனைக்கு ஜொகூர் அவ்வளவாக ஒத்துழைக்காது. மதுக்கூடங்கள் இல்லாமலில்லை. ஆனால் 2017 டிசம்பரிலிருந்து மலேசியாவில் 21 வயது ஆகாதவருக்கு மது விற்கக் கூடாது. மூன்றாம் ஆண்டு மாணவனுக்குப் பெரும்பாலும் அந்த வயது வந்திருக்காது. வேப் விற்பனையை ஜொகூர் 2016-லேயே தடை செய்துவிட்டது. எதிர்க்கரையில் சிங்கப்பூர் மினுங்குகிறது, பாலம் ஒரு கிலோமீட்டர்தான். ஆனால் இந்தியக் கடவுச்சீட்டுக்கு அந்தப் பக்கம் போகத் தனி விசா வேண்டும். மிஞ்சுவது டீக்கடையும் இரவுச் சந்தையும் கால்பந்தும். பயப்படும்படி ஒன்றுமில்லை.

பயப்பட வேண்டியது வேறு. 2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் 30 நாள் வரை மலேசியாவுக்கு விசா இல்லாமல் போகலாம். சுற்றிப் பார்க்கத் தந்த இந்தச் சலுகையைத் தரகர்கள் சிலர் பயிற்சிக்கான அனுமதி போல விற்கிறார்கள். “முதலில் போய் இறங்குங்கள், பேப்பர் பிறகு வரும்” என்கிறார்கள். வராது. ஆலையிலோ அலுவலகத்திலோ பயிற்சி பெறுவதற்கு, எடுத்துக்கொள்ளும் மலேசிய நிறுவனமே பொறுப்பேற்று விண்ணப்பித்து வாங்கும் தனி அனுமதி வேண்டும். அது இல்லாமல் சோதனையில் மாட்டினால் நிறுவனம் கைவிரிக்கும், தரகரின் போன் அணைந்திருக்கும்; தடுப்பு முகாமுக்குப் போவது பையன்தான்.

அடுத்தது காசு. மலேசியாவில் குறைந்தபட்ச ஊதியம் 2025 பிப்ரவரியிலிருந்து மாதம் 1,700 ரிங்கிட். வழக்கமான வேலை நேரம் வாரத்துக்கு 45 மணியைத் தாண்டக் கூடாது என்ற வரம்பும் இருக்கிறது. ஆனால் பயிற்சிக்கு வந்த மாணவனைத் தொழிலாளி என்று கணக்கில் எடுப்பதில்லை. பயிற்சிக்குச் சேர்ப்பதற்காக நிறுவனங்களுக்கு அந்த அரசு தரும் வரிச்சலுகையும் உள்நாட்டு மாணவர்களுக்குத்தான். ஆகவே நம் பிள்ளைக்கு உதவித்தொகை எவ்வளவு, வேலை எத்தனை மணி நேரம் என்பதெல்லாம் முன்கூட்டித் தாளில் எழுதி வாங்கியதுதான். எழுதி வாங்காதவன் பெட்டி தூக்கிவிட்டுச் சான்றிதழோடு திரும்புகிறான்.

நம் கல்லூரிகளை இதில் தப்பவிட முடியாது. பொறியியல் படிப்புக்குள் 600 முதல் 700 மணி நேரம் பயிற்சி இருக்க வேண்டும் என்று அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு வகுத்தது. மணிக்கணக்கை நிரப்புவதில் காட்டும் அக்கறையைப் பல நிர்வாகங்கள் மாணவன் எந்த அனுமதியில் போகிறான் என்று பார்ப்பதில் காட்டுவதில்லை. விளம்பரப் பலகையில் ‘பன்னாட்டுப் பயிற்சி’ என்று போடத் தெரிந்தவர்களுக்கு, நிறுவனத்தின் கடிதத்தையும் அனுமதியின் நகலையும் கேட்டு வாங்கக் கோப்பு ஒன்று போடத் தெரியாதா?

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை புறப்படுமுன் மூன்று தாள்களைக் கையில் வாங்கிப் படியுங்கள்: நிறுவனத்தின் பெயரில் வந்த பயிற்சிக் கடிதம், குடிநுழைவுத் துறையின் அனுமதி, மருத்துவக் காப்பீடு. ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும். இவை சரியாக இருந்தால், டீக்கடையில் உட்கார்ந்திருப்பவனைத் திட்டாமல் என்ன சாப்பிட்டாய் என்று கேளுங்கள். ஒன்று குறைந்தாலும் டிக்கெட் போடாதீர்கள்.