சில்லென்று இருந்தால் போதுமா?

மே மாதத்தில் தில்லியிலும் நாக்பூரிலும் வெயில் 45 டிகிரியை எட்டும்போது பீர் வாங்க வருபவர்களுக்குத் தேவை இரண்டுதான். சில்லென்று இருக்க வேண்டும். ஸ்ட்ராங்காக இருக்க வேண்டும். முதல் ஆசையில் பாதி நியாயம் உண்டு. இரண்டாவது, கோடையில் செய்யக்கூடிய மிக மோசமான தேர்வு.

கணக்கு எளிது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி, 5 சதவீதம் வரை ஆல்கஹால் இருந்தால் மைல்டு. அதற்கு மேல் 8 சதவீதம் வரை ஸ்ட்ராங். 8 சதவீத பீர் 650 மி.லி. பாட்டிலில் 52 மி.லி. ஆல்கஹால் இருக்கிறது. அதாவது இரண்டு லார்ஜ் விஸ்கி. "பீர்தானே" என்று மத்தியானத்தில் இரண்டு பாட்டிலைக் காலி செய்பவர் உண்மையில் குடிப்பது நான்கு லார்ஜ். ஆனாலும் இந்தியாவில் விற்கும் பீரில் பெரும்பகுதி ஸ்ட்ராங் வகைதான்.

உடலில் நீரைத் தக்கவைக்கும் ஹார்மோனை ஆல்கஹால் அடக்கிவிடுகிறது. சிறுநீர் அதிகமாகப் பிரிகிறது. வியர்வையில் போனது போக மிச்சமும் போகிறது. அனல்காற்றுக் காலத்தில் மதுவைத் தவிர்க்கும்படி தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் சொல்வது இதனால்தான். எனவே தாகத்துக்குத் தண்ணீர். தாகம் தணிந்து, பொழுதும் சாய்ந்த பிறகு, ருசிக்கு பீர்.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது பிராண்டை அல்ல, தயாரிப்புத் தேதியை. பீருக்கு வெப்பம் ஆகாது. வெயிலில் காய்ந்த கிடங்கில் கிடந்த பீர் நனைந்த அட்டையைப் போல ருசிக்கும். வெளிச்சமும் எதிரிதான். கசப்புக்காகச் சேர்க்கப்படும் ஹாப்ஸ் பூவின் சத்து, வெயில் பட்டால் சில நிமிடங்களிலேயே நாற்றமெடுக்கத் தொடங்கும். பழுப்பு நிற பாட்டில் இதை நன்றாகத் தடுக்கும். பச்சை பாட்டில் அவ்வளவாகத் தடுக்காது. கேனுக்குள் வெளிச்சமே போகாது.

குளிர வைப்பது இந்தியாவில் ஒரு காலத்தில் தனி உத்தியோகம். வெடியுப்பு கரைத்த நீரில் பாட்டில்களைச் சுழற்றிக் குளிர வைக்க வெள்ளைக்காரர்களின் வீடுகளில் 'ஆப்தார்' என்ற பணியாள் இருந்தார். 1833இல் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குக் கப்பலில் ஐஸ் வந்தது. அந்த வியாபாரத்தின் மிச்சம்தான் சென்னைக் கடற்கரையில் நிற்கும் ஐஸ் ஹவுஸ். ஆப்தாரின் வித்தைக்கு இன்று வெடியுப்பு தேவையில்லை. வாளியில் ஐஸ், பாட்டில் மூழ்கும் அளவு தண்ணீர், இரண்டு கைப்பிடி கல் உப்பு: சுமார் 20 நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். ஃப்ரீசரில் வைத்து மறந்தால் பாட்டில் வெடிக்கும்.

சாதாரண லாகர் பீருக்கு 4 முதல் 7 டிகிரி போதும். அதற்கும் கீழே போனால் நாக்கு மரத்துவிடும். பழைய பீரும் புதிய பீரும் ஒன்றாகவே தெரியும். சில்லென்று இருந்தால் மட்டும் போதாது என்பது இதனால்தான்.

பரிமாறும் கிளாஸ் சிறியதாக இருக்கட்டும். பெரிய கிளாஸில் பாதி குடிப்பதற்குள் மீதி சூடாகிவிடும். கிளாஸில் சோப்போ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் நுரை நிற்காது. கிளாஸைச் சாய்த்து ஊற்றத் தொடங்கி, மெல்ல நிமிர்த்தினால் இரண்டு விரல் நுரை வரும். உப்புக் கடலை தாகத்தைக் கிளப்பி அடுத்த பாட்டிலைக் கேட்க வைக்கும். கோடையில் வெள்ளரிக்காய் மேல். பக்கத்தில் ஒரு ஜாடி தண்ணீர் கட்டாயம்.

விருந்தளிப்பவருக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. வெப்பத் தாக்குதலுக்கு ஆளானவர் உளறுவார், தள்ளாடுவார், வாந்தி எடுப்பார். போதையிலும் அதேதான். "தூங்கினால் சரியாகிவிடும்" என்று மூலையில் படுக்க வைப்பதில்தான் ஆபத்து. தொட்டுப் பாருங்கள். உடம்பு கொதித்தால் நிழலுக்குக் கொண்டுபோய், தண்ணீர் ஊற்றி, விசிறி, உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். போதை தெளியட்டும் என்று காத்திருக்க அப்போது நேரமில்லை.