தொட்டி நீர் கலங்கினால்...

கேள்வி: மகன் ஆசைப்பட்டு 'ஆக்சலாட்டல்' வாங்கி வந்து இரண்டு மாதம் ஆகிறது. வாரந்தோறும் தொட்டி நீர் முழுவதையும் கொட்டி, வடிகட்டிப் பஞ்சையும் குழாயடியில் நன்றாக அலசுகிறோம். அப்படியும் நீர் கலங்குகிறது. நான்கு நாளாக இரை எடுக்கவில்லை; செவுள்கள் முன்பக்கம் சுருண்டுள்ளன. என்ன செய்யலாம்?
- வாசகி, தட்டாஞ்சாவடி

பதில்: அம்மா, சுத்தம் குறைவாக இல்லை, அதிகமாகிவிட்டது. வயலில் இட்ட யூரியா அம்மோனியாவாகி, மண்ணிலுள்ள நுண்ணுயிர்களால் நைட்ரைட்டாகி, பிறகு நைட்ரேட்டாகிறது அல்லவா? தொட்டியிலும் அதே வேலைதான். பிராணியின் கழிவும் தின்னாமல் விட்ட இரையும் அம்மோனியாவைத் தருகின்றன. அதை மாற்றும் நுண்ணுயிர்கள் பெரும்பாலும் அந்தப் பஞ்சில்தான் குடியிருக்கின்றன. குளோரின் கலந்த குழாய் நீரில் அலசினால் அவை செத்துப்போகும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் தேங்கிவிடும், இரண்டுமே நஞ்சு.

இன்றே மூன்றில் ஒரு பங்கு நீரை மட்டும் மாற்றுங்கள். ஊற்றும் நீரை முதல் நாளே அகலமான பாத்திரத்தில் திறந்து வையுங்கள். மீன் கடைகளில் கிடைக்கும் சோதனைப் பெட்டியால் பாருங்கள்: அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக வேண்டும். அதுவரை தினமும் இப்படி மாற்றுங்கள். ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம், பொறுமை வேண்டும். பிறகு வாரம் ஒருமுறை கால் பங்கு போதும். பஞ்சை, வெளியே எடுத்த தொட்டி நீரிலேயே லேசாகப் பிழிந்தால் போதும். மிச்ச இரையை அன்றன்றே எடுத்துவிடுங்கள். மண்புழு நல்ல இரை. பூச்சிமருந்து அடித்த வயலில் எடுக்காதீர்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் நம் வெயில். இதன் சொந்த ஊர் மெக்சிகோ நகரை ஒட்டிய சோச்சிமில்கோ கால்வாய்கள். ஏறக்குறைய நம் ஊட்டியின் உயரம். 16 முதல் 18 டிகிரி இதற்கு உகந்தது. 24ஐத் தாண்டினால் தவிக்கும். சூடு ஏற ஏற அம்மோனியாவின் நஞ்சும் கூடும். நீர்ப்பரப்பின் மேல் காற்றாடி வையுங்கள். உறைந்த தண்ணீர் பாட்டிலை மிதக்கவிடுங்கள். சித்திரை வெயிலுக்கு இது போதாது, குளிர்விப்பான் கருவி வேண்டும். அந்தச் செலவு முடியாதென்றால், வசதியுள்ளவரிடம் கொடுத்துவிடுவதே நல்லது என்பது என் கருத்து. ஊசுடு ஏரியில் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

2022 வனவிலங்குச் சட்டத் திருத்தத்தின்படி இதை வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும். வனத்துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். இரண்டு நாளில் இரை எடுக்காவிட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

மாற்றிய பழைய நீரைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். உப்போ மருந்தோ கலக்காதவரை, கறிவேப்பிலைக்கு அது நல்ல தழைச்சத்து.