வாயைப் பங்கு போடுவதில்லை

ஒருசெல் உயிரி மாவு உருண்டையைக் கிள்ளியது போல இரண்டாகிவிடுகிறது என்றுதான் பலரும் நம்புகிறார்கள். பள்ளிப் புத்தகப் படமும் அதையே சொல்கிறது. அது சரியென்றால், முன்முனையில் மட்டும் வாய் உள்ள உயிரியின் பின்பாதி எதைக் கொண்டு தின்னும்?

நன்னீரில் வாழும் டெட்ராஹைமீனா என்ற ஒருசெல் உயிரியின் நீளம் ஏறத்தாழ 0.05 மில்லிமீட்டர். அதன் இடுப்பு ஒடுங்கும் முன்பே, உடலின் நடுவுக்குச் சற்றுப் பின்னால், மயிர் போன்ற குறுஇழைகளின் ஒரு குறிப்பிட்ட வரிசையின் ஓரமாக, அவற்றின் அடியில் இருக்கும் அடித்துகள்கள் பெருகத் தொடங்குகின்றன. முதலில் அது ஒழுங்கே இல்லாத கூட்டம். பிறகு இரண்டிரண்டாகச் சேர்ந்து வரிசை கட்டி, மூன்று சிறு படலங்களும் வலப்புறம் ஓர் அலைப்படலமுமாக நிற்கின்றன. செல் பிரியும்போது பின்பாதியான மகள்செல்லிடம் புதிய வாய் இருக்கிறது. முன்பாதி மகள்செல்லின் பழைய வாயும் அப்படியே மிஞ்சுவதில்லை. அதன் சில பகுதிகள் கலைந்து மறுபடி கட்டப்படுகின்றன.

பழைய வாயைப் பார்த்துத்தான் புதியது உருவாகிறது என்பார்கள் சிலர். இதே போன்ற ஒருசெல் உயிரியான பாரமீசியத்தில் பழைய வாயை ஒட்டியே புதியது முளைப்பது உண்மை. ஆனால் யூப்ளோட்டஸ் என்ற இன்னோர் உயிரியில் அது பழைய வாயோடு தொடர்பின்றி, மேற்பரப்புக்குக் கீழே ஒரு சிறு பையில் தொடங்குகிறது. ஸ்டென்டர் என்ற உயிரியின் வாயையே வெட்டி எடுத்தாலும், அகன்ற வண்ணக்கோடுகளும் குறுகிய கோடுகளும் சந்திக்கும் இடத்தில் இன்னொரு வாய் எழும். வான்ஸ் டார்டார் என்ற ஆய்வாளர் வெட்டி ஒட்டும் முறையால் அத்தகைய சந்திப்பை வேறிடத்தில் உண்டாக்கினார். அங்கும் வாய் முளைத்தது!

எல்லாம் மரபணுவில் எழுதியிருக்கிறது என்பதே நம் காலத்தில் மிக வலுவான வாதம். மரபணுவின் பங்கை நான் மறுக்கவில்லை. டெட்ராஹைமீனாவின் 'ஜேனஸ்' மரபணு மாறினால் முதுகுப்புறத்திலும் வாய் அமைப்பு தோன்றுகிறது. ஆனால் 1965-இல் பெய்சோனும் சோன்போர்னும் வெளியிட்ட ஆய்வு அந்த வாதத்தின் எல்லையைக் காட்டிவிட்டது. பாரமீசியத்தில் திசை திரும்பிப்போன குறுஇழை வரிசைகள், மரபணுவில் எந்த மாற்றமும் இல்லாமலே, நூற்றுக்கணக்கான தலைமுறைகளுக்குத் திரும்பியபடியே தொடர்ந்தன. ஏற்கெனவே இருக்கும் அமைப்பே புதிய அடித்துகளுக்கு இடமும் திசையும் காட்டுகிறது.

அப்படியானால் அடித்துகள்களே பழைய அமைப்பின் நினைவைச் சுமக்கின்றனவா? அந்த விளக்கமும் முழுமையாகாது. ஆக்ஸிட்ரிக்கா என்ற ஒருசெல் உயிரி உறைக்குள் அடங்கும்போது அதன் குறுஇழைகளும் அடித்துகள்களும் முற்றிலும் கரைந்துவிடுகின்றன. இருந்தும், இரண்டு உடல்கள் ஒட்டிய இரட்டை உடலோடு உறைக்குள் போனது இரட்டை உடலோடுதான் வெளியே வருகிறது.