வாந்தியில் வெளியேறுவது நோயல்ல

“நாலு தடவை வாந்தி எடுத்தா கெட்டதெல்லாம் வெளியே போயிடும். மாத்திரை போட்டு அடக்காதே, கீமோ வேலை செய்யாது.” நிணநீர்ப் புற்றுநோய்க்குக் காஞ்சிபுரம் காரப்பேட்டையிலோ சென்னையிலோ மருந்து ஏற்றிக்கொண்டு, கையில் பாலிதீன் கவரோடு திருத்தணிக்குத் திரும்புகிறவர்களிடம் சொந்தபந்தம் சொல்லும் புத்திமதி இது. தமிழிலும் சொல்கிறார்கள், தெலுங்கிலும் சொல்கிறார்கள். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து மலையேறும் ஊர். உடம்பை வருத்தினால் பலன் உண்டென்பது இங்கே ஊறிப்போன நம்பிக்கை. நேர்த்திக்கடனுக்கு அது சரி. கீமோவுக்கு அதைக் கொண்டுவருவது, குணமாகக்கூடிய நோயைக் குணமாகவிடாமல் செய்யும் கொடுமை.

கீமோ மருந்து குடலின் உட்சுவரிலுள்ள சில செல்களைத் தூண்ட, அவை செரோட்டோனினைச் சுரக்கின்றன. நரம்பு வழியாக மூளைக்குச் செய்தி போகிறது, குமட்டுகிறது. வாந்தி மாத்திரையான ஒன்டான்செட்ரான் தடுப்பது இந்தச் செய்தியை மட்டுமே. ரத்தத்தில் ஓடும் டாக்சோரூபிசின் என்ற கீமோ மருந்தை அது தொடுவதே இல்லை.

இன்னும் கேளுங்கள். நிணநீர்ப் புற்றுநோய்க்குப் பரவலாகத் தரப்படும் ‘சாப்’ முறையில் மூன்று மருந்துகள் ஊசி வழியே ஏறுகின்றன. நான்காவதான பிரெட்னிசோலோனை ஐந்து நாள் மாத்திரையாக விழுங்க வேண்டும். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் நாளுக்கு 100 மி.கி. விழுங்கிய பத்தாவது நிமிஷம் அது வாஷ்பேசினில் கிடந்தால், வெளியே போனது கெட்டதா, மருந்தா? முதல் சுற்றில் வாந்தியால் வதைபட்டவருக்கு, மூன்றாம் சுற்றில் ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்தாலே குமட்டும். சிகிச்சையைப் பாதியில் விடத் தோன்றுவதும் அங்கேதான்.

மருந்துக்கு மருந்து ஒத்துப்போகாது என்ற பயம் முழுப் பொய்யல்ல. ஆனால் பயப்பட வேண்டியது வேறு. சாப் மருந்துகளில் ஒன்றான வின்கிறிஸ்டின் குடலை மந்தமாக்கும், ஒன்டான்செட்ரானும் மலத்தைக் கட்டும். இரண்டும் சேர்ந்தால் வயிறு உப்பிப்போகும். வாந்திக்கென மெடிக்கலில் தானாக வாங்கிப் போடும் டாம்பெரிடோனும் ஒன்டான்செட்ரானும் சேர்ந்து இதயத் துடிப்பைக் குலைக்கலாம். ஓயாத வாந்தியில் பொட்டாசியம் இறங்கிய உடம்புக்கு அந்த ஆபத்து அதிகம். வாந்தியைத் தடுக்கும் இன்னொரு மருந்தான அப்ரெபிடன்ட் கொடுத்தால், வாந்திக்கெனத் தரும் டெக்ஸாமெதசோனின் அளவை டாக்டர் குறைப்பார். இதெல்லாம் டாக்டர் போட வேண்டிய கணக்கு. திண்ணையில் போடும் கணக்கல்ல.

வாந்தி மாத்திரையைச் சொன்ன வேளைக்குக் கொடுங்கள். விழுங்கிய மருந்து வெளியே வந்துவிட்டாலும், இரண்டு நாள் மலம் போகாவிட்டாலும் உடனே டாக்டருக்குச் சொல்லுங்கள். அடுத்த சுற்றுக்குப் போகும்போது மெடிக்கலில் வாங்கியது, நாட்டு மருந்து என வீட்டிலிருக்கும் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய்க் காட்டுங்கள்.