ஆறாம் வகுப்புக்குச் செல்லும் பாதை



கோடை விடுமுறை பிறந்துவிட்டால் நம் குடும்பங்கள் பல ஏற்காட்டுக்குப் புறப்பட்டுவிடுகின்றன. ஏரியில் படகேறி, லேடீஸ் சீட்டில் நின்று சேலத்து விளக்குகளைக் கண்டு, காப்பித் தூளும் மிளகும் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறோம். அந்தக் காப்பிச் செடிகளுக்கு நடுவே வாழும் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று கேட்டறிந்தவர் நம்முள் எத்தனை பேர்?

மலைமேல் பள்ளிகளுக்குக் குறைவில்லை எனத் தோன்றும். 1917-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மான்ட்ஃபோர்ட் பள்ளிக்குத் தொலைவூர்ப் பிள்ளைகளெல்லாம் வந்து தங்கிப் படிக்கிறார்கள். ஆனால் சேர்வராயன் மலையின் மைந்தர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். (கேரளத்தாரோடு இவர்களைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், மலையை ஆள்பவர் என்பதே இப்பெயரின் பொருள்.) நாகலூர், மாரமங்கலம், வெள்ளக்கடை முதலிய ஊராட்சிகளில் அவர்களுடைய சிற்றூர்கள் சிதறிக் கிடக்கின்றன. தொடக்கப்பள்ளி பெரும்பாலும் அருகிலேயே இருக்கும். ஐந்தாம் வகுப்பு முடிந்ததும்தான் சிக்கல் தொடங்குகிறது. அடுத்த பள்ளிக்குச் செல்ல மேடு பள்ளம் ஏறி இறங்க வேண்டும். வழியில் காட்டெருமையும் நிற்கலாம். கார்த்திகை மழையின்போதே காப்பிப் பழம் பறிக்கும் வேலையும் தொடங்கிவிடும். தாய் தோட்டத்துக்குச் சென்றால், தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிற்பவள் பத்து, பதினொரு வயதுப் பெண்பிள்ளையன்றோ!

சில ஆண்டுகளுக்கு முன் அம்மலையில் உறவினர் தோட்டமொன்றில் தங்கியிருந்தபோது, பழம் பறிக்க வந்த தாய் ஒருவருடன் பேச வாய்த்தது. தம் ஊர்ப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் அவர் ஓர் உறுப்பினராம். குழுவில் என்ன செய்கிறீர்கள் என்று வினவினேன். "கூப்பிடுவாங்க, போவேன்ம்மா. கையெழுத்துப் போடச் சொல்லுவாங்க, போடுவேன்" என்றார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டதில்லையா என்றேன். "கேக்கலாமாம்மா?" என்று திருப்பிக் கேட்டார்.

கேட்கலாம் என்பதற்கு மேலாகவே சட்டம் சொல்கிறது. 2010 ஏப்ரல் முதல் நாளன்று நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின்படி, அக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பதும், பணம் எவ்வாறு செலவாகிறது எனக் கண்காணிப்பதும் அவர்கள் பொறுப்பு. 2011-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு விதிகளின்படி ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பள்ளி மூன்று கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். சமவெளியில் மூன்று கிலோமீட்டர் என்பது ஒரு நடை. மலையில் அது வேறு கணக்கு. 2022-ஆம் ஆண்டு தொடங்கிய காலை உணவுத் திட்டமும் ஐந்தாம் வகுப்பு வரைக்கெனவே வகுக்கப்பட்டது. நடை கூடும் வயதில் சிற்றுண்டி நின்றுபோவதை எவர் எடுத்துரைப்பது? அந்தத் தாய்தானே!

எனக்குத் தெரிந்ததை அவரிடம் கூறினேன். இவ்வாண்டு ஐந்தாம் வகுப்பு முடிப்பவர் யார், எந்தப் பள்ளிக்குச் செல்வர், எப்படிச் செல்வர் என்பதைக் கூட்டத்தில் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். எழுதியதை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டபின் கையெழுத்திடுங்கள். ஆகஸ்ட் 15 அன்று கிராம சபையிலும் அதையே வையுங்கள் என்றேன். அவர் விரல்விட்டுப் பெயர்களை எண்ணத் தொடங்கினார்.

மலைமக்களுக்கு அறிவுரை கூறி வந்துவிட்டேன். நம் வீட்டுக் கதை என்ன? ஆறு முதல் பதினான்கு வயதுள்ள முஸ்லிம் பிள்ளைகளில் நூற்றுக்கு இருபத்தைந்து பேர் பள்ளியை மிதிக்காதவர்கள் அல்லது இடையில் நின்றவர்கள் என நாடு தழுவிய சச்சார் குழு அறிக்கை 2006-ஆம் ஆண்டு கூறியது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த உரிமையின் அருமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும் சட்டம் வற்புறுத்தவில்லை என்பதற்காக, நம் பள்ளி நிர்வாகங்களில் தாய்மாருக்கு நாற்காலி போடக்கூடாது என்று யார் தடுத்தார்கள்?

எங்கள் மஹல்லாப் பள்ளியில் தாய்மார் இருவருக்கேனும் இடம் கேட்டு நாங்கள் பதினோரு பேர் கையெழுத்திட்டு எழுதிக் கொடுத்திருக்கிறோம். "பரிசீலிக்கிறோம்" என்றார்கள். ரமளானுக்குப் பின் மீண்டும் சென்று கேட்பதாக இருக்கிறோம்.