பழைய காரைப் பூட்டி வைக்காதீர்கள்!

ஞாயிற்றுக்கிழமை காலை. வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் ஒரு வெள்ளை அம்பாசிடர் கார் நிற்கிறது. அதன் மேல் ஒரு பழைய சேலை போர்த்தியிருக்கிறது. மகன் சேலையை விலக்குகிறான். கதவைத் திறந்து சாவியைத் திருகுகிறான். "டொக்" என்று ஒரு சத்தம். அதோடு சரி!

"அம்மா, இதை எடைக்குப் போட்டுவிடலாமா?"

தாய்க்குக் கோபம் வந்துவிடுகிறது.

"உன்னை ஆஸ்பத்திரியிலிருந்து தூக்கி வந்ததே இந்த வண்டியிலேதான்டா. உங்க அப்பா இருந்தா இப்படிப் பேசுவியா?"

மகன் வாயை மூடிக்கொள்கிறான். கார் மறுபடியும் சேலைக்குள் போய்விடுகிறது.

குஜிலியம்பாறை, எரியோடு, வேடசந்தூர் பக்கம் பழைய கார் நிற்கும் வீடுகளில் இந்தப் பேச்சு புதிதல்ல. விற்க மனம் இல்லை. ஓட்டத் துணிவு இல்லை. நடுவில் மாட்டிக்கொண்டு கார் துருப்பிடிக்கிறது.

தாய் சொல்வது சரியா? மகன் சொல்வது சரியா? இருவரும் சொல்வது பாதி சரி. காரை வைத்துக்கொள்ளலாம். ஆனால், ஓட்ட வேண்டும்!

நின்றால் கெடும்

மாடு நின்றால் கொழுக்கும். கார் நின்றால் அழுகும்.

ஒரு மாதம் கார் ஓடாமல் நிற்கட்டும். முதலில் பாட்டரி இறங்கும். பிறகு டயர் ஒரே பக்கமாக அமுங்கும். பிரேக் சிலிண்டர் இறுகிப் பிடித்துக்கொள்ளும். டாங்கியில் உள்ள பெட்ரோல் பிசினாக மாறும். எலி குடியேறி ஒயரைக் கடிக்கும். ஆறு மாதம் கழித்து "கார் ஓடவில்லையே" என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டால், அவர் கேட்கும் கூலி தலை சுற்ற வைக்கும். குற்றம் அவர் மேல் இல்லை.

வாரம் ஒரு நாள் போதும். என்ஜினைக் கிளப்பி நின்ற இடத்திலேயே உறும வைத்தால் போதாது. ஊரை விட்டு வெளியே ஒரு 10 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். என்ஜின் நன்றாகச் சூடேறினால்தான் எண்ணெயில் சேர்ந்த ஈரம் ஆவியாகும். பிரேக்கை மிதித்தால்தான் பிரேக் வேலை செய்யும்.

எந்தக் காரை?

நம் பக்கத்து வீடுகளில் மிஞ்சியிருக்கும் பழைய கார்களில் அம்பாசிடர்தான் மூத்த மருமகள். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரைப் பார்த்து, மேற்கு வங்காளத்தில் உத்தர்பாரா தொழிற்சாலையில் செய்தார்கள். 1950-களின் கடைசியில் வந்த கார், 2014 மே மாதம் வரை வந்துகொண்டே இருந்தது. அடுத்தது பம்பாய் குர்லாவில் செய்த பியட். அதுவே பிறகு பிரீமியர் பத்மினி ஆயிற்று.

மூன்றாவது கார் நம்முடையது. ஆம், தமிழ்நாட்டுக் கார்! 1961-ல் சென்னைக்கு அருகே வண்டலூர் பக்கத்துத் தொழிற்சாலையிலிருந்து 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' வெளிவந்தது. அதன் பானெட்டும் மட்கார்டும் ஒரே துண்டு. இரண்டும் சேர்ந்து அப்படியே முன்னால் சாயும். மெக்கானிக் முன் டயரின் மேல் உட்கார்ந்துகொண்டு என்ஜின் வேலை பார்க்கலாம். இன்றைய காரில் பல்பு மாற்றப் படும் பாட்டை நினைத்தால், அந்தக் காரைச் செய்தவர்களுக்கு ஒரு கும்பிடு போடத் தோன்றுகிறது.

ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கு உதிரி பாகம் கிடைப்பது கஷ்டம். அம்பாசிடருக்கு அவ்வளவு கஷ்டம் இல்லை. ஆசைப்பட்டுப் பழைய கார் வாங்க நினைப்பவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும். அழகைப் பார்த்து வாங்கிவிட்டு, ஒரு ரப்பர் வாஷருக்காக ஊர் ஊராக அலைபவர்கள் உண்டு.

தண்ணீர்தான் முதல் எதிரி

குஜிலியம்பாறைப் பக்கம் சுண்ணாம்புக்கல் பூமி. அதனால்தான் கரிக்காலியில் சிமெண்டு ஆலை வந்தது. சுண்ணாம்புப் பூமியில் போர் போட்டால் என்ன தண்ணீர் வரும்? உப்புத் தண்ணீர்தான். பருப்பு வேகாது. சோப்பு நுரைக்காது. பாத்திரத்தின் அடியில் வெள்ளை வெள்ளையாகப் படியும்.

அந்தத் தண்ணீரைத்தான் பலர் ரேடியேட்டரில் ஊற்றுகிறார்கள்! பாத்திரத்தில் படியும் அதே வெள்ளை, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படிகிறது. இரண்டு கோடை போனால் குழாய் அடைத்துவிடும். அப்புறம் எரியோடு தாண்டுவதற்குள் கார் கொதிக்கும். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றலாம். இல்லாவிட்டால், பாட்டரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீரோடு கூலண்ட் கலந்து ஊற்றலாம். வீட்டில் குழம்பு வைக்க நல்ல தண்ணீர் தேடும் பெண்களுக்கு இது உடனே புரியும். அந்தப் பொறுப்பை அவர்களிடமே விட்டுவிடலாம்!

அடுத்தது புழுதி. லாரிகள் போகும் பாதையில் கார் நிறையப் புழுதி குடிக்கும். பழைய அம்பாசிடரின் காற்று வடிகட்டியில் எண்ணெய்க் கிண்ணம் இருக்கும். புழுதி அந்த எண்ணெயில் தங்கும். கிண்ணத்தில் சேறு தட்டியதும் கழுவிப் புது எண்ணெய் விட வேண்டும். மறந்தால் அந்தச் சேறு என்ஜினுக்குப் போகும்.

முள்ளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சாலை ஓரமெல்லாம் சீமைக் கருவேலம். நிழலுக்கு ஒதுங்கினால் பஞ்சர்!

முன் சக்கரங்களின் மூட்டுகளில் கிரீஸ் ஏற்றும் சிறு முனைகள் உண்டு. அவற்றுக்கு கிரீஸ் காட்டுவது அரை மணி நேர வேலை. பள்ளிக்கூடம் போகும் பையனோ பெண்ணோ செய்யலாம். பழைய கிரீஸ் கறுப்பாகப் பிதுங்கி, பின்னால் புதியது மஞ்சளாக வரும்போது குழந்தைகளுக்கு ஏற்படும் மகிழ்ச்சியைப் பார்க்க வேண்டும்!

பெட்ரோல் மாறிவிட்டது

பழைய கார்க்காரர்களை இன்று கவலைப்பட வைப்பது பெட்ரோல்தான். அதற்குக் காரணம் உண்டு.

இந்தக் கார்கள் பிறந்த காலத்தில் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. அது உடம்புக்குக் கெடுதல். குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். அதனால் 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் ஈயப் பெட்ரோலை நிறுத்தினார்கள். நல்ல காரியம்தான். ஆனால், பழைய என்ஜினின் வால்வுகள் உட்காரும் இடம் தேயாமல் காத்ததும் அந்த ஈயம்தான். இதற்கு மாற்று, லேத் பட்டறையில் கெட்டி இரும்பு வளையம் பதிப்பது. ஒருமுறை பதித்துவிட்டால் கவலை இல்லை.

இப்போது வந்திருப்பது எத்தனால். கரும்பு, மக்காச்சோளம் முதலியவற்றிலிருந்து எடுக்கும் எரிசாராயம் அது. 2025-ல் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்பது நாடெங்கும் வந்துவிட்டது. வெளிநாட்டு எண்ணெய்க்குக் கொடுக்கும் பணம் மிச்சம். விவசாயிக்கும் லாபம். ஆனால், பழைய ரப்பர் குழாய்க்கு எத்தனால் ஆகாது. ரப்பர் ஊதும், வெடிக்கும். வெடிப்பிலிருந்து சொட்டும் பெட்ரோல் சூடான என்ஜினில் விழுந்தால் என்ன ஆகும்? தீதான்!

ஆகையால், பெட்ரோல் குழாய்களை எத்தனாலைத் தாங்கும் ரப்பரில் மாற்றிவிட வேண்டும். கார்புரேட்டர், பெட்ரோல் பம்பு ஆகியவற்றின் வாஷரையும் மாற்ற வேண்டும். செலவு பெரிதல்ல. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அதனால் மாதக்கணக்கில் பெட்ரோலை டாங்கியில் தேக்கி வைக்கக் கூடாது. காருக்குள் ஒரு சின்னத் தீயணைப்புக் குப்பி இருப்பது நல்லது.

கொடைக்கானலுக்குப் போவோமா?

காரைப் பராமரிப்பது எதற்கு? குடும்பத்தோடு ஊர் சுற்றத்தானே!

முதல் பயணமே மலைக்கு வேண்டாம். அழகாபுரியில் குடகனாறு அணை இருக்கிறது. கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போய் வரலாம். அதில் காரின் குணம் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு கொடைக்கானல்.

திண்டுக்கல்லில் இருந்து செம்பட்டி, வத்தலக்குண்டு வழியாக ஏறக்குறைய 100 கிலோமீட்டர். 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும். காமக்காபட்டியில் மலைப்பாதை தொடங்குகிறது. 1916-ல் திறந்த பாதை இது. அதற்கு முன்பு துரைமார்களை நாற்காலியில் உட்கார வைத்துக் கூலிக்காரர்கள் மலைக்குத் தூக்கிச் சென்றார்கள்! கார் கொதிக்கிறதே என்று சலித்துக்கொள்பவர்கள், அந்தத் தோள்களை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்கலாம்.

விடியற்காலையிலேயே கிளம்பிவிட வேண்டும். கத்தரி வெயிலில் ஏறினால், பெட்ரோல் பம்புக்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிவிடும். கார் இருமி இருமி நின்றுவிடும். பயப்பட வேண்டாம். பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றிவிட்டு, கால் மணி நேரம் காத்திருந்தால் போதும். கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியை மட்டும் திறக்கவே கூடாது. முகம் வெந்துவிடும்.

பண்ணைக்காடு பக்கம் நிறுத்தினால் மலை வாழைப்பழம் கிடைக்கும். வெள்ளி அருவியில் நிறுத்தினால் குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். என்ஜினுக்கும் ஓய்வு.

ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து. இந்தக் கார்களின் பிரேக் பழைய டிரம் பிரேக். மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடேறிப் பிடிக்காமல் போய்விடும். 'எந்தக் கியரில் ஏறினாயோ, அந்தக் கியரில் இறங்கு' என்பது பழைய டிரைவர்கள் வைத்த சட்டம். பெட்ரோலை மிச்சம் பிடிக்க கியரை எடுத்துவிட்டு இறங்குபவர்கள், உயிரை விலையாக வைக்கிறார்கள்.

இன்னொன்று. பழைய காரில் ஆறு பேர் தாராளமாக உட்காரலாம். ஆனால், சீட் பெல்ட் இருக்காது. பெல்ட் பொருத்திக்கொள்ள முடியும். பொருத்த வேண்டும். முன் இருக்கையில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மலை ஏறுவதை, "அந்தக் காலத்தில் இப்படித்தானே போனோம்" என்று சொல்லி நியாயப்படுத்தக் கூடாது.

வயதுக்கு அபராதமா?

இனி அரசாங்கத்தின் பக்கம் வருவோம்.

கார் வாங்கி 15 ஆண்டு ஆனதும் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதன் பிறகு 5 ஆண்டுக்கு ஒரு தடவை. இதற்கு 600 ரூபாயாக இருந்த கட்டணம், 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆயிற்று. 20 ஆண்டைத் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாய் ஆக்கினார்கள்.

50 ஆண்டைத் தாண்டிய கார்களுக்கு 2021-ல் தனி விதி வந்தது. 20,000 ரூபாய் கட்டி, பழம்பெரும் கார் என்று பதிவு செய்யலாம். பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும். ஆனால், அப்படிப் பதிவான காரை அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சி, கார் ஊர்வலம், பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது ஆகியவற்றுக்கு மட்டும் சாலைக்குக் கொண்டுவரலாம்.

கோவையில் ஜி.டி. நாயுடு பெயரால் 2015-ல் திறந்த கார் மியூசியம் இருக்கிறது. அதைப் போன்ற இடங்களுக்கும் பெரும் பணக்காரர்களுக்கும் இந்த விதி பொருந்தும். தாயை டாக்டரிடம் அழைத்துப் போகவும், தங்கை வீட்டுக் காதுகுத்துக்குப் போகவும் காரை எடுக்கும் நடுத்தரக் குடும்பத்துக்கு அது எப்படிப் பொருந்தும்?

பழைய கார் புகை கக்கும் என்கிறார்கள். உண்மை. கவனிக்காத பழைய கார் புகை கக்கத்தான் செய்யும். அதை நிறுத்தத்தான் வேண்டும். ஆனால், மாதத்துக்கு நூறு கிலோமீட்டர் ஓடும் கார் எவ்வளவு புகை விடும்? தினமும் நூறு கிலோமீட்டர் ஓடும் வண்டி எவ்வளவு விடும்? கட்டணம் போடுகிறவர்கள் இதைக் கேட்கவில்லை. வயதை மட்டும் பார்க்கிறார்கள்.

பிரேக்கைச் சோதிக்கட்டும். புகையைச் சோதிக்கட்டும். விளக்கைச் சோதிக்கட்டும். இப்போது சோதிப்பதைவிடக் கண்டிப்பாகவே சோதிக்கட்டும். தேறாத கார் எடைக்குப் போகட்டும். தேறிய காருக்கு, அது எத்தனை வயதானாலும், கட்டணத்தைக் குறைக்க வேண்டும். ஒழுங்காகப் பராமரிப்பவனுக்கும் போட்டு வைத்தவனுக்கும் ஒரே கட்டணம் என்பது நியாயம் ஆகாது.

காதால் பார்க்கும் வைத்தியர்

கட்டணத்தைக் குறைக்க மனுப் போடலாம். மனுப் போட்டுப் பெற முடியாத ஒன்றும் இருக்கிறது. அது மெக்கானிக்கின் கைத்திறன்.

பழைய மெக்கானிக் கம்ப்யூட்டர் கொண்டு வருவதில்லை. நீண்ட திருப்புளியின் முனையை என்ஜின் மேல் வைப்பார். பிடியைக் காதில் வைப்பார். கண்ணை மூடுவார். "மூணாவது வால்வு லூஸ்" என்பார். திறந்து பார்த்தால் சரியாக இருக்கும்! கார்புரேட்டரைப் பிரித்து ஊதி, திருகை அரைச் சுற்றுத் திருப்பி, இருமிய காரைப் பாட வைப்பார். அந்த மாதிரி ஆட்களுக்கு இன்று அறுபது, எழுபது வயது. மகன்கள் அந்தத் தொழிலுக்கு வரவில்லை. கார்புரேட்டர் வைத்த புதுக் கார் இப்போது வருவதும் இல்லை.

திண்டுக்கல்லில் அரசாங்கத் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. மாதம் ஒரு சனிக்கிழமை நாலைந்து மாணவர்களைப் பழைய பட்டறைக்கு அனுப்பலாம். மூத்த மெக்கானிக்குகளுக்கு அன்றைய கூலியை அரசாங்கம் கொடுக்கலாம். பெரிய செலவு இல்லை. பிரித்துப் பார்த்துப் பழகுவதற்குக் காரை வெளியே தேட வேண்டியதும் இல்லை. குஜிலியம்பாறையில் ஒரு தகரக் கொட்டகையில், சேலை போர்த்திக்கொண்டு அது நிற்கிறது.