பிள்ளை எதைக் கற்பது? யார் தீர்மானிப்பது?

க. பொ. த. சாதாரண தரப் பரீட்சையின் முடிவுகள் வெளிவந்த மறுநாள் தொட்டுத் தமிழர் இல்லங்களிலே ஒரு விசாரணை ஆரம்பமாகிறது. தந்தையும் தாயும் நீதிபதிகளாக அமர்கின்றனர். மாமன்மாரும், பெரியப்பன்மாரும், கடல் கடந்த நாட்டிலிருந்து தொலைபேசியிற் பேசும் சித்தப்பன்மாரும் வழக்குரைக்க வருகின்றனர். வழக்கு ஒன்றே: உயிரியலா, கணிதமா? அதாவது, பிள்ளை வைத்தியராவதா, பொறியியலாளராவதா? இவ்விசாரணையில் எல்லோரும் பேசுகின்றனர்; ஒருவர் மட்டும் பேச அழைக்கப்படுவதில்லை. அவர்தாம் அப்பிள்ளை. பாதிக்கப்படும் தரப்பைக் கேளாது தீர்ப்பு வழங்கலாகாது என்பது சட்டம் கற்போருக்கு ஊட்டப்படும் முதற் பாடங்களுள் ஒன்று. அந்நீதி நமது சொந்த வீட்டிலேயே மறுக்கப்படுகிறது என்பதை நாம் வேதனையோடு சுட்டிக்காட்ட வேண்டியிருக்கிறது.

இம் மனப்பான்மை எங்கிருந்து வந்தது என்பதை நாம் அறியாதவரல்லர். வற்றாத ஆறொன்றும் ஓடாத யாழ்ப்பாணக் குடாநாட்டிலே கல்வியே காணியாகவும் கடையாகவும் விளங்கிற்று. மிசன் பாடசாலைகளிலும் சைவப் பாடசாலைகளிலும் கற்ற நம் முன்னோர் இலங்கை முழுவதிலும், மலாயாவிலும் உத்தியோகம் பார்த்துக் குடும்பங்களை நிமிர்த்தினர். கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்ற பழமொழி அக்காலத்திற் பிறந்ததே. 1956 ஆம் ஆண்டின் சிங்களம் மட்டும் சட்டம் அந்த உத்தியோக வாயிலைச் சாத்தியது. எஞ்சியிருந்தது பல்கலைக் கழக வாயில். அங்கும் 1971 ஆம் ஆண்டு அனுமதியில் மருத்துவத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 229 புள்ளிகள் போதும், தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 புள்ளிகள் வேண்டும் என்று விதிக்கப்பட்டது. பின்னர் மொழிவாரித் தரப்படுத்தலும், 1974 இல் மாவட்ட ஒதுக்கீடும் வந்தன. அநீதியாக மூடப்பட்ட கதவைத் திறந்தே தீருவோம் என்று ஒரு தலைமுறை வைராக்கியம் கொண்டது. அந்த வைராக்கியத்தைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை.

ஆனால், ஒரு காலத்தின் வைராக்கியம் மறுகாலத்தின் வழக்கமாகி, வழக்கம் மூட நம்பிக்கையாகிவிட இடமளிக்கலாமா? இதுவே நமது கேள்வி.

கணக்கைப் பார்ப்போம். அண்மைய ஆண்டுகளில் உயர்தரப் பரீட்சையிற் பல்கலைக் கழக அனுமதிக்குத் தகுதி பெறுவோர் நாடு முழுவதிலும் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர். அரச பல்கலைக் கழகங்கள் ஏற்பவர்களோ ஏறத்தாழ 40,000 முதல் 45,000 வரையினர். அவ்விடங்களிலும் மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் உரியவை மிகச் சில. ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகளையும் உயிரியலுக்கு அனுப்பினால் நாற்பது வைத்தியர்கள் வெளிவருவார்கள் என்று நம்புவது, நாற்பது பேரும் ஒரே நாற்காலியில் அமரலாம் என்று நம்புவதற்கு ஒப்பாகும். முதல் முறை கிட்டாதவர் இரண்டாம் முறை எழுதுகிறார். இரண்டாம் முறை கிட்டாதவர் மூன்றாம் முறை எழுதுகிறார். அதற்கு மேல் விதி இடந்தராது. பரீட்சைகளும் காலத்தில் நடப்பதில்லை. 2022 ஆம் ஆண்டுக்குரிய பரீட்சை 2023 ஜனவரியிலேதான் தொடங்கியது. இவ்வாறு இருபத்திரண்டு வயது வரையும் தனியார் கல்வி நிலையங்களின் வாங்குகளிலே இளமையைக் கழித்துவிட்டு, கையில் ஒரு தொழிலும் இன்றி, மனத்தில் தோல்வி ஒன்றையே சுமந்து வீடு திரும்பும் பிள்ளைகள் எத்தனை பேர்! தோற்றது பிள்ளையா, தேர்ந்து கொடுத்தவர்களா?

அனுமதி முறையைப் பெற்றோர் பலர் விளங்கிக்கொள்ளாதிருப்பதும் இத்துயரத்துக்கு ஒரு காரணம். 2001 ஆம் ஆண்டு முதல் வெறும் புள்ளிகளின் கூட்டுத்தொகை கணக்கில் எடுக்கப்படுவதில்லை; இசட் புள்ளியே கணக்கில் எடுக்கப்படுகிறது. ஒரு பாடத்திற்குத் தோற்றிய அனைவரினதும் சராசரியிலிருந்து மாணவர் எவ்வளவு மேலே நிற்கிறார் என்பதை, அப்பாடத்தின் புள்ளிப் பரம்பலைக் கொண்டு அளப்பதே இசட் புள்ளி. ஆகவே, “இலேசான பாடம், எல்லோரும் புள்ளி எடுக்கிறார்கள்” என்று ஒன்றைத் தேர்வதால் இலாபம் ஏதுமில்லை. எல்லோரும் எடுக்கும் புள்ளி எவரையும் உயர்த்தாது. எப்பாடத்திற் பிள்ளைக்கு உண்மையான நாட்டமும் ஆற்றலும் உண்டோ, அப்பாடமே அவரை மற்றவரிலும் மேலே நிறுத்தும். நாட்டத்தை மதித்தல் என்பது வெறும் செல்லம் கொடுத்தலன்று. அது கணிதத்தின் கட்டளையுமாகும்.

அடுத்து, ஒவ்வொரு தேர்வும் எக்கதவைத் திறக்கிறது, எதை மூடுகிறது என்பதைத் தேர்வதற்கு முன்னரே அறிய வேண்டும். உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் ஆகிய மூன்றையும் கற்றவரே மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கலாம்; பௌதிகவியலை விட்டு விவசாய விஞ்ஞானத்தை எடுத்தவருக்கு அக்கதவு இல்லை. ஆயின் உயிரியல் என்பது மருத்துவம் மட்டுமன்று. தாதியியல், மருந்தாளர் பணி, மருத்துவ ஆய்வுகூடப் பணி, விவசாயம், கால்நடை மருத்துவம், யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் கற்பிக்கப்படும் சித்த மருத்துவம் என்று பல துறைகள் அதன் வழியில் உள்ளன. இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் என்பன பொறியியலுக்கு உரியவை. ஆனால் கட்டடக்கலை, கணிய அளவையியல், நில அளவையியல், புள்ளிவிபரவியல், கணினி விஞ்ஞானம் ஆகியனவும் கணிதம் கற்றோரை எதிர்பார்த்திருக்கின்றன. சட்டம் பயில விரும்புவோர் கலைப் பாடங்களையே கற்றிருக்க வேண்டும் என்பதும் தவறான எண்ணம். விஞ்ஞானம் கற்றவரும், வர்த்தகம் கற்றவரும் சட்ட பீடத்துக்கு விண்ணப்பிக்கலாம். நுண்ணறிவும், சொல்வன்மையும், இரவில் விழித்திருந்து வாசிக்கும் பொறுமையுமே அத்துறைக்கு வேண்டியவை என்பதை அத்துறையிலிருந்தே நாம் கூறுகிறோம்.

கலைப் பிரிவைக் கழிவுப் பெட்டியாகக் கருதும் வழக்கத்தை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். “வேறொன்றும் வராது, கலை படிக்கட்டும்” என்று ஒரு பிள்ளையை அனுப்பினால் அவர் எந்த ஊக்கத்தோடு கற்பார்? அவ்வாறு நோக்கமின்றி அனுப்பப்பட்டோர் பட்டம் பெற்றபின் என்ன நேர்ந்தது என்பதை நாடு கண்டது. 2017 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் வேலையற்ற பட்டதாரிகள் வீதியோரங்களில் இரவு பகலாக அமர்ந்திருந்தனர். 2020 இல் அரசாங்கம் பல்லாயிரம் பட்டதாரிகளைப் பயிலுநராகச் சேர்த்தது. 2022 இல் நாடே கடன் கட்ட முடியாது கைவிரித்த பின்னர், அரச உத்தியோகமே கதி என்றிருப்போருக்கு அவ்வழி எவ்வளவு ஒடுங்கியது என்பதை விளக்க வேண்டியதில்லை.

இதனால் கலை கற்பது வீண் என்பது பொருளன்று. நோக்கின்றிக் கற்பதே வீண். ஓர் உதாரணம் கூறுவோம். 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழி என அரசியலமைப்பில் எழுதிற்று. எழுதியது எழுத்திலே நிற்கிறது. நீதிமன்றங்களிலும், பொலிஸ் நிலையங்களிலும், திணைக்களங்களிலும் தகுதி வாய்ந்த மொழிபெயர்ப்பாளர் போதாமையால், தான் அறியாத மொழியில் எழுதப்பட்ட வாக்குமூலத்திற் கையொப்பமிடும் தமிழரை நாம் இன்றும் காண்கிறோம். தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்றிலும் வல்ல ஓர் இளைஞரோ யுவதியோ இந்நாட்டிற் பசித்திருக்க வேண்டிய நிலை இல்லை. மொழிபெயர்ப்புக் கற்கை யாழ்ப்பாணப் பல்கலைக் கழகத்திலும் உண்டு. உரிமை கேட்டு மேடையேறும் நாம், அவ்வுரிமையை அன்றாடம் நடைமுறைப்படுத்தும் கரங்களை வளர்த்தோமா? புவியியல், பொருளியல், அளவையியல், தகவல் தொழில்நுட்பம் ஆகிய பாடங்களைப் பொருத்தமாக இணைத்துக் கற்கும் கலை மாணவர், திட்டமிடலுக்கும், நிர்வாகத்துக்கும், ஆய்வுக்கும் உரியவராகின்றார்.

தொழில்நுட்பப் பிரிவையும் மறத்தல் ஆகாது. 2013 இல் பாடசாலைகளில் ஆரம்பிக்கப்பட்டு, 2015 இல் முதன்முறை பரீட்சை நடந்த அப்பிரிவுக்குப் பல்கலைக் கழகங்களில் இன்று தனிப் பீடங்கள் உள்ளன. யாழ்ப்பாணப் பல்கலைக் கழகத்தின் தொழில்நுட்ப பீடம் கிளிநொச்சியில் இயங்குகிறது. பல்கலைக் கழகம் கிட்டாதோருக்கும் பாதை அடைபட்டு விடவில்லை. ஏழு படிகள் கொண்ட தேசிய தொழிற் தகைமை முறையிலே கைத்தொழில் கற்றவரும் படிப்படியாக ஏறிப் பட்டம் வரை செல்லலாம். கிளிநொச்சி அறிவியல் நகரிலே இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. மோட்டார் இயந்திரம் திருத்துபவர் மகளுக்கு மாப்பிள்ளையாக வரலாகாது என்று எண்ணும் சமூகம், தன் மோட்டார் வண்டி நின்றுவிட்டால் மட்டும் அவரைத் தேடி ஓடுவது என்ன நியாயம்?

எப்பிரிவைத் தேர்ந்தாலும் ஆங்கிலத்தை அலட்சியம் செய்தல் கூடாது. தாய்மொழியிற் கற்பது நமது உரிமை. அதில் நமக்கு இரண்டாம் கருத்து இல்லை. தமிழிலே மேனாட்டு மருத்துவத்தைக் கற்பிக்கலாம் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் வைத்தியர் கிறீன் நிரூபித்துக் காட்டினார். எனினும், இன்று மருத்துவ, பொறியியல், விஞ்ஞான பீடங்களில் விரிவுரை ஆங்கிலத்தில் நிகழ்கிறது. உயர்தரத்தைத் தமிழிற் கற்று முதல் நாள் அம்மண்டபத்தில் அமரும் பிள்ளை திகைத்துப் போகாதிருக்க, இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே ஆயத்தம் தொடங்க வேண்டும்.

இதுவரை பெற்றோருக்குக் கூறினோம். இனி ஆட்சியாளருக்கும் கூற வேண்டும். ஏனெனில், தேர்வதற்கு உரிமை உண்டு என்று சொல்லிவிட்டுத் தேர்வதற்குப் பொருளை வையாதிருப்பது ஏமாற்று. இந்நாட்டின் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அரச பாடசாலைகளுள் விஞ்ஞானம் உட்பட உயர்தரப் பிரிவுகள் உள்ள 1 ஏபி வகைப் பாடசாலைகள் ஏறத்தாழ ஆயிரமே. 1 சி வகைப் பாடசாலைகளில் உயர்தரத்திற்குக் கலையும் வர்த்தகமுமே உண்டு. ஏனையவற்றில் உயர்தரமே இல்லை. முல்லைத்தீவின் உட்கிராமத்திலோ, மன்னாரின் கரையோரத்திலோ, பதுளையின் தோட்டத்திலோ பிறந்த பிள்ளைக்கு உயிரியலா, கணிதமா என்ற கேள்வியே எழுவதில்லை. அருகிலுள்ள பாடசாலையில் இரசாயனவியல் ஆசிரியர் இல்லை. வழக்கு அத்துடன் முடிந்தது. தோட்டப் பாடசாலைகளை 1970 களிலேதான் அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது. அந்தத் தாமதத்தின் கடனை மலையகப் பிள்ளைகள் இன்றும் செலுத்துகின்றனர்.

பின்தங்கிய மாவட்டங்களுக்கு ஐந்து வீத ஒதுக்கீடு உண்டு. ஐம்பத்தைந்து வீதம் மாவட்டச் சனத்தொகைப்படி பகிரப்படுகிறது. நாற்பது வீதமே அகில இலங்கைத் திறமைக்கு உரியது என்று அதிகாரிகள் விடை கூறுவர். ஒதுக்கீடு பரீட்சை எழுதியவருக்கே உதவும். பாடமே கற்பிக்கப்படாத ஊரிலே வெட்டுப்புள்ளியைக் குறைத்து வைப்பதால் என்ன பயன்?

ஆதலின் நாம் கோருவன இவை. ஒவ்வொரு கல்விக் கோட்டத்திலும் உயர்தர விஞ்ஞானமும் தொழில்நுட்பமும் முழுமையாகக் கற்பிக்கும் பாடசாலை ஒன்றேனும் இருத்தல் வேண்டும். தூரத்துப் பிள்ளைகளுக்கு அதனோடு விடுதியும் வேண்டும். பதில் ஆசிரியர் வந்து கடமையேற்கும் வரை கணித, விஞ்ஞான ஆசிரியரை இடமாற்றலாகாது. பத்தாம் தரத்திலிருந்தே பிள்ளைகளுக்குத் துறைகளை விளக்கும் ஆலோசகர் பாடசாலைதோறும் இருத்தல் வேண்டும். வெளிநாடுகளிற் பரந்திருக்கும் பழைய மாணவர் சங்கங்கள் வளைவுகளும் பெயர்ப் பலகைகளும் அமைப்பதைச் சற்றே நிறுத்தி, தம் ஊருக்கு அயலில் உள்ள வசதியற்ற ஒரு பாடசாலைக்கு ஆய்வுகூடம் அமைத்துக் கொடுக்கலாகாதா?

பெற்றோரே! இரவல் கௌரவத்துக்காகப் பிள்ளையின் பத்தொன்பதாம், இருபதாம் வயதுகளை அடகு வையாதீர்கள். அவரை அருகில் இருத்தி, எப்பாடத்தை ஒருவரும் ஏவாமலே எடுத்து வாசிக்கிறார் என்று கேளுங்கள். அப்பாடம் திறக்கும் கதவுகளைப் பல்கலைக் கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலில் அவரோடு சேர்ந்தே பாருங்கள். முதற் கதவு திறவாவிடில் இரண்டாவது எது, மூன்றாவது எது என்று இப்பொழுதே குறித்து வையுங்கள். நல்ல வைத்தியர்கள் நமக்கு வேண்டும். நல்ல ஆசிரியரும், நில அளவையாளரும், மொழிபெயர்ப்பாளரும், தாதியரும், இயந்திர வினைஞரும் அதே அளவுக்கு வேண்டும். இவர்களுள் எவர் இல்லாவிடினும் ஓர் இனம் தன் காலில் நிற்க மாட்டாது.